கொல்லிமலைத் தந்தையும் நம் கோடைப் பள்ளியும்

மே மாதந்தோறும் நம் சபைகளில் நடைபெறும் விடுமுறை வேதாகமப் பள்ளியின் சரித்திரத்தை எழுதுவோர் நியூயார்க் நகரிலிருந்து தொடங்குவது வழக்கம். 1901-இல் அந்நகரில் பாப்திஸ்து ஊழியராயிருந்த இராபர்ட் போவில், கோடையில் தெருவே கதியென்றிருந்த ஏழைப் பிள்ளைகளுக்காக, பூட்டிக் கிடந்த ஆலயங்களைத் திறக்கச் செய்தார். கல்லூரி மாணவர் ஆசிரியராயினர். வேதபாடத்தோடு பாட்டும் கைவேலையும் விளையாட்டும் சேர்ந்து நின்றன. மனப்பாட வசனமும் பரிசும் பெருகிய நம் பள்ளிகளிலோ கைவேலை கடைசி அரைமணிக்கு ஒதுங்கிவிட்டது. பெற்றோர் நிறைவுநாளில் மட்டும் அழைக்கப்படுகின்றனர்.

சேலம், நாமக்கல் சமவெளியில் ஊழியஞ்செய்யும் நாம் இதனினும் அண்மையான ஒரு வரலாற்றை நினைவுகூர வேண்டும். ஸ்டிரிக்ட் பாப்திஸ்து மிஷனைச் சேர்ந்த ஜெசி பிராண்ட், 1913-இல் மணமான கையோடு, மனைவி ஈவ்லினுடன் சேந்தமங்கலத்துச் சமவெளியை விட்டுக் கொல்லிமலை ஏறினார். அடுத்த ஆண்டு அங்குப் பிறந்த மகனே, பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் சீர்ப்படுத்திய மருத்துவர் பால் பிராண்ட். தங்கை கானியும் அம்மலையில் வளர்ந்தவளே.

பள்ளிக்கூடம் இல்லாத அவ்விடத்தில் தாயே ஆசிரியை. அடங்கி உட்காராத சிறுவனை அவர் மரக்கிளையில் அமர்ந்து பாடம் எழுத விட்டார். எழுதி முடித்த தாளை அவன் கயிற்றில் கட்டிக் கீழே இறக்குவான். தந்தையோ தம்மோடு நடந்துவரும் பிள்ளைகளுக்குக் கறையான் புற்றைக் காட்டி, அதனுள் நடக்கும் வேலையை விளக்குவார். இதற்கெல்லாம் ஆன செலவு ஒரு முழக் கயிறும் பெற்றோரின் நேரமுமே. நேரந்தான் அரிது என்பீர்கள். மருத்துவம், தச்சு, பள்ளி, பிரசங்கம் என்று அலைந்த அம்மனிதருக்கும் அது அரிதாகவே இருந்தது.

1923-இல் குடும்பம் இங்கிலாந்து சென்றது. பிள்ளைகளை உறவினரிடம் விட்டுப் பெற்றோர் மட்டும் திரும்பினர். அக்கால மிஷனெரிகளின் வழக்கம் அது. அதன் விலையைக் கொடுத்தவர் பிள்ளைகளே என்பதை மறைத்து மிஷன் சரித்திரம் எழுதுவது நேர்மையன்று. பிராண்ட் வாரந்தோறும் கடிதம் எழுதினார். மலையில் கண்ட மரஞ்செடிகளையும் உயிரினங்களையும் அவற்றில் வருணித்தார். உடன் நடக்க இயலாத தந்தை, எழுத்தாலே பிள்ளைகளை மலைப்பாதையில் அழைத்துச் சென்றார் எனலாம். 1929 ஜூனில் அவர் கடுங்காய்ச்சலால் மரித்தார். தந்தி முந்திக்கொண்டது, கப்பலில் வந்த கடிதங்கள் அதன் பின்னரே மகனை வந்தடைந்தன.

இவ்வரலாறு நம் சமவெளிக்கு ஏன் பொருந்துகிறது? நாமக்கல், சங்ககிரி லாரிகளிலும் திருச்செங்கோட்டு ஆழ்துளை ரிக் வண்டிகளிலும் வேலைசெய்யும் தந்தையர் பலர் வாரக்கணக்காய், சிலர் மாதக்கணக்காய், வடநாட்டில் இருக்கின்றனர். அவர்தம் பிள்ளைகளும் நம் கோடைப் பள்ளிக்கு வருகின்றனர். தொலைபேசிப் பேச்சு உண்டு. ஆயினும் அது பெரும்பாலும் பணம், உடல்நலம் என்னும் இரண்டிலேயே முடிந்துவிடுகிறது.

ஆதலின் பள்ளி நடத்தும் மாணவ ஊழியருக்கு நாம் கூறுவது சிறிது. வெயில் ஏறுமுன் பிள்ளைகளை வேப்பமர நிழலுக்கும் ஏரிக்கரைக்கும் அழைத்துச் செல்லலாம். பனையோலைக் காற்றாடி, புளியங்கொட்டைப் பல்லாங்குழி ஆகியவற்றைக் கற்பிக்கப் பாட்டிமாரை வரவழைக்கலாம். அவர்களே இதற்குத் தகுந்த ஆசிரியர். அன்று கண்டதைப் பிள்ளை ஒரு தாளில் எழுதட்டும், எழுதத் தெரியாதவன் வரையட்டும். அத்தாளைச் சுவரில் ஒட்டிவைக்காமல் வீட்டுக்கே கொடுத்தனுப்புங்கள். தந்தை அடுத்தமுறை வண்டி எடுக்கும்போது ஓட்டுநர் இருக்கையருகே அது இருக்கட்டும்.