அடையாளம் இழக்கும் கணையச் செல்

1869-இல் பெர்லினில் மருத்துவ மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ், நுண்ணோக்கியில் கணையத்தினுள் சிறு திட்டுகளைக் கண்டார். அவற்றின் வேலை புரியாமலேயே ஆய்வேட்டில் பதிந்தார். அவை இன்சுலினின் பிறப்பிடம் எனத் தெரிந்ததும் உலகின் கவனம் அங்கேயே குவிந்தது. கணையத்தின் பெரும்பகுதியான, செரிமான நொதிகளைச் சுரக்கும் நொதிச் செல்கள் பின்வரிசைக்குப் போயின.

கணையப் புற்றுநோய் ஆய்வுக்கு அது இழப்பு. புற்றுக்கட்டி, நொதிகளைக் கொண்டுசெல்லும் நாளம் போன்ற தோற்றத்தில் வளர்வதால் நாளச் செல்லே அதன் தாய் என்று நெடுங்காலம் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையை எலிகள் அசைத்தன. 2003-இல், புற்றைத் தூண்டும் கேராஸ் மரபணுப் பிறழ்வுடன் எலிகள் உருவாக்கப்பட்டன. வளர்ந்த எலியின் நொதிச் செல்களில் அந்தப் பிறழ்வு மட்டும் போதாது, நீடித்த கணைய அழற்சியும் சேர்ந்தால் புற்று வருகிறது என்று 2007-இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் காட்டினர்.

நடப்பது இதுதான். கூம்பு வடிவ நொதிச் செல்லின் நுனியில் நொதிமணிகள் அடைந்திருக்கும். அழற்சியில் அவை குறைகின்றன. செல் தட்டையாகி நாளச் செல்லின் சாயலை ஏற்கிறது. சாதாரணமாக, அழற்சி தணிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கேராஸ் பிறழ்ந்திருந்தால் திரும்பும் வழி அடைபடுகிறது.

நொதிச் செல்லின் அடையாளத்தைக் காக்கும் புரதம் பிடிஎஃப்1ஏ. அதை நீக்கினால் எலிகளில் புற்று விரைவதை யூட்டா பல்கலைக்கழகக் குழு 2015-இல் கண்டது. 2019-இல் அதே குழு அப்புரதத்தை மீண்டும் இயக்கியது; புற்றுக்கு முந்தைய செல்கள்கூட நொதிச் செல்லின் இயல்புக்குத் திரும்பின. தாமதமாகவே தெரியவரும் இந்தக் கொடிய நோயில், தடுப்புக்கு இதைவிட நம்பிக்கையூட்டும் தடயம் அரிது.