வழியிலிருந்து பெயருக்கு: மும்பையின் மின்னஞ்சல் முகவரிகள்

மின்னஞ்சலின் வரலாற்றைக் கம்பிகளின் வரலாறாக எழுதுவது வழக்கம். அது பாதி வரலாறே. கம்பி சீராக இருந்தும் கடிதம் போய்ச் சேராத நிலை உண்டு. அப்போது பழுது பெயரில் இருக்கும். மும்பை இதற்குத் தக்க சான்று.

மின்னணுவியல் துறை 1986இல், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையுடன் ‘எர்நெட்’ திட்டத்தைத் தொடங்கியது. ஜுஹுவில் இயங்கிய தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும் பவாய் ஐ.ஐ.டி.யும் 1986-87இல் தொலைபேசி இணைப்பின் வழியே மின்னஞ்சல் பரிமாறின. மையத்தை வழிநடத்தியவர் ஸ்ரீனிவாசன் ரமணி. 1989இல் அங்கிருந்து அமெரிக்காவின் யுயுநெட்டுக்கு நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் தனி இணைப்பு ஏற்பட்டது.

அக்காலத்து ‘யுயுசிபி’ முறையில் முகவரி என்பது பெயரன்று, வழி. கடிதம் கடக்க வேண்டிய கணினிகளை ஆச்சரியக்குறியிட்டு அனுப்புநரே வரிசையாக எழுத வேண்டும். இடையில் ஒரு கணினி மாறினாலும் முகவரி பொய்த்துவிடும். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் வேறொரு முறை இருந்தது: எல்லாக் கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே பட்டியலாகக் கலிஃபோர்னியாவில் பேணப்பட்டு, மற்றவர்களால் படியெடுக்கப்பட்டன.

இவ்விரண்டுக்கும் மாற்றாக வந்தது, பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வகுத்த டி.என்.எஸ். பெயரைக் கேட்டால் அதற்குரிய எண்ணைச் சொல்லும் பொறுப்பு பல சேவையகங்களுக்குப் பகிரப்பட்டது. 1986இல் வரையறுக்கப்பட்ட எம்.எக்ஸ். பதிவு, ஒரு பெயருக்கு வரும் கடிதத்தை எந்தக் கணினி ஏற்கும் என்று அறிவித்தது. இணையத்தில் நேரடியாக இல்லாத நிறுவனமும் இதனால் தன் பெயரிலேயே கடிதம் பெற முடிந்தது. 1989 மே 8 அன்று ‘டாட் இன்’ பதிவாயிற்று. அதன் நிர்வாகம் ஜுஹு மையத்திடம் இருந்தது.

1994இல் நிறுவனங்களின் உள்வலைகளுக்கெனத் தனி எண்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றை ஒட்டி, வெளியுலகம் அறியாத உள்பெயர்களும் பெருகின. 2020 ஊரடங்கில் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வீட்டிலிருந்தே வி.பி.என். வழியே அலுவலகப் பணி நடந்தபோது இப்பிளவு அன்றாடச் சிக்கலாயிற்று. இணைப்பு கிடைத்துவிடும், அஞ்சல் மட்டும் திறக்காது. கணினி அலுவலகச் சேவையகத்தின் பெயரை வீட்டு இணைய நிறுவனத்திடம் கேட்கும். அதுவோ அப்படியொரு பெயரே இல்லை என்று விடை தரும்.

சேவையகத்தின் எண்ணை நேரடியாகக் கொடுத்துப் பார்த்தால் பழுதின் இடம் தெரியும். எண்ணுக்கு மறுமொழி வந்து பெயருக்கு வராவிடில் கம்பியில் குறையில்லை. உள்பெயர்களை அலுவலக டி.என்.எஸ். சேவையகத்திடமே கேட்கும்படி வி.பி.என். அமைப்பைத் திருத்துவதே முறையான தீர்வு.

அவசரத்தில் பலர் அந்த எண்ணைத் தம் கணினியின் ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பில் எழுதிவைக்கின்றனர். அக்கோப்பு கலிஃபோர்னியப் பட்டியலின் எச்சம். அதன் பழைய குறையும் உடன் வருகிறது. சேவையகம் இடம் மாறும் நாளில் மற்றவர்களுக்கு அஞ்சல் வரும்; எழுதிவைத்தவருக்கு மட்டும் நின்றுபோகும்.