பிரசாரத் தொலைபேசி அழைப்பு: பேசுவது யார் என்று அறியும் உரிமை வாக்காளருக்கு உண்டா?

மும்பை: தேர்தல் காலத்தில் வாக்காளரின் கைப்பேசிக்கு வரும் பிரசார அழைப்பின் பின்னணியில் எந்தக் கட்சி உள்ளது, அதற்கான செலவை ஏற்றது யார் என்ற விவரங்களைத் தேர்தல் அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும் என்று விதிமுறைகள் கூறுகின்றன. ஆனால், அழைப்பைக் கேட்கும் வாக்காளரிடம் அவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தில் நேரடியான பிரிவு எதுவும் இல்லை.

தமிழர்கள் கணிசமாக வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் இது முக்கியத்துவம் பெறுகிறது. மும்பை தென்மத்திய மக்களவைத் தொகுதியில் தாராவி, செம்பூர், சயான் கோலிவாடா, வடாலா, மாஹிம், அணுசக்தி நகர் ஆகிய ஆறு சட்டப்பேரவைத் தொகுதிகள் அடங்கியுள்ளன. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசிப்பவர்களுக்குத் தாராவியிலேயே இலவச வீடு என்பது முக்கியத் தகுதி வரம்பாகும். வீடு குறித்த கவலையில் உள்ள குடும்பத்திற்கு, "இன்னாருக்கு வாக்களிக்காவிட்டால் பட்டியலில் பெயர் இருக்காது" என்று பெயர் கூறாத ஒரு தமிழ்க் குரல் சொல்லுமானால், அதன் தாக்கம் சாதாரண விளம்பரத்தைவிடப் பெரிதாக இருக்கும்.

துண்டறிக்கைக்கு உள்ள விதி அழைப்புக்கு உண்டா?

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 127ஏ பிரிவின்படி, தேர்தல் துண்டறிக்கை மற்றும் சுவரொட்டியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் இடம்பெற வேண்டும். மீறினால் ஆறு மாதங்கள் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஆனால், அச்சிட்ட மற்றும் நகலெடுக்கப்பட்ட ஆவணங்களைப் பற்றியே இப்பிரிவு பேசுகிறது. தொலைபேசிக் குரலை அது குறிப்பிடவில்லை.

2004 மக்களவைத் தேர்தலின்போது அப்போதைய பிரதமர் வாஜ்பாயின் பதிவு செய்யப்பட்ட குரல் நாடெங்கும் தொலைபேசி வழியாக ஒலித்தது. பேசுபவர் தம் பெயரைக் கூறியே தொடங்கியதால், அந்த அழைப்பில் அடையாளம் குறித்த ஐயம் எழவில்லை. குரலை எவரும் நகலெடுக்க முடியும் என்ற இன்றைய நிலை வேறு.

முன்சான்று என்பது என்ன?

தொலைக்காட்சி அரசியல் விளம்பரங்களுக்கு முன்சான்று பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரல் 13 அன்று உத்தரவிட்டது. பின்னர் தேர்தல் ஆணையம் இந்த நடைமுறையை வானொலி, திரையரங்கு, சமூக ஊடகம் ஆகியவற்றுடன் மொத்தக் குறுஞ்செய்திகளுக்கும் தொலைபேசிக் குரல் செய்திகளுக்கும் விரிவுபடுத்தியது.

இதற்கான விண்ணப்பத்தை ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவிடம் அளிக்க வேண்டும். பதிவு பெற்ற கட்சிகளும் வேட்பாளர்களும் ஒலிபரப்புக்கு மூன்று நாள்களுக்கு முன்பும், மற்றவர்கள் ஏழு நாள்களுக்கு முன்பும் விண்ணப்பிக்க வேண்டும். பதிவின் நகல், சான்றொப்பமிட்ட எழுத்து வடிவம், தயாரிப்புச் செலவு, ஒலிபரப்புக்கான உத்தேசச் செலவு, எந்த வேட்பாளர் அல்லது கட்சியின் நலனுக்காக என்ற விவரம் ஆகியவை அதில் இடம்பெறும். தமிழில் ஒலிக்கும் செய்திக்கும் இந்த நடைமுறை பொருந்தும்.

இவை அனைத்தும் குழுவின் கோப்பில் சேர்கின்றன. மேலும், ஆணையத்தின் உத்தரவு "குரல் செய்தி" என்றே கூறுகிறது. அழைப்பு மையத்தில் அமர்ந்து ஊழியர் ஒருவர் நேரடியாக உரையாடுவதைத் தனியே குறிப்பிடவில்லை.

செலவு எங்கே பதிவாகும்?

வேட்பாளரை முன்னிறுத்தும் அழைப்புகளின் செலவு அவரது கணக்கில் சேர வேண்டும். மகாராஷ்டிரத்தில் மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம் ரூபாயும், சட்டப்பேரவை வேட்பாளருக்கு 40 லட்சம் ரூபாயும் உச்சவரம்பாக 2022-இல் நிர்ணயிக்கப்பட்டன. முடிவு அறிவிக்கப்பட்ட 30 நாள்களுக்குள் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். வேட்பாளரின் அனுமதியின்றி அவருக்காக வேறொருவர் செலவிட்டால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 176-ஆவது பிரிவின்கீழ் 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

கடைசி 48 மணி நேரத்தில் அழைக்கலாமா?

வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் மின்னணு ஊடகப் பிரசாரத்தை 126-ஆவது பிரிவு தடை செய்கிறது. மீறினால் இரண்டு ஆண்டுகள் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அரசியல் தன்மை கொண்ட மொத்தக் குறுஞ்செய்திகளுக்கும் இக்காலத்தில் ஆணையம் தடை விதித்துள்ளது. 2024 நவம்பர் 20 அன்று நடைபெற்ற மகாராஷ்டிர சட்டப்பேரவைத் தேர்தலில், நவம்பர் 18 மாலை 6 மணிக்குப் பிரசாரம் ஓய்ந்தது.

டிஎன்டி பதிவு இவற்றைத் தடுக்குமா?

பெரும்பாலும் தடுக்காது. 1909 எண் வழியாகச் செய்யப்படும் டிஎன்டி பதிவு, இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2018-இல் வெளியிட்ட வணிகத் தகவல் விதிமுறைகளின்கீழ் வருகிறது. பொருள், சேவை, வணிக அல்லது முதலீட்டு வாய்ப்பு தொடர்பான அழைப்புகளையே அவை வரையறுக்கின்றன. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் இதே போக்கில் பொருள், சேவை, சொத்து, வணிகம், வேலை, முதலீடு ஆகியவற்றை மட்டும் பட்டியலிடுகிறது. இரண்டிலும் வாக்கு கேட்பது இடம்பெறவில்லை.

அழைப்பவரின் பெயரைத் திரையில் காட்டும் வசதியை ட்ராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அந்தப் பெயரே அதில் தெரியும். ஒரு நிறுவனம் கட்சிக்காக அழைத்தால், கட்சியின் பெயர் தெரியாமல் போகலாம்.

செயற்கைக் குரலுக்கு என்ன விதி?

கேட்பவரின் காதுக்கே தகவல் எட்ட வேண்டும் என்ற நிபந்தனை இங்கு மட்டுமே தெளிவாக உள்ளது. செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய அல்லது மாற்றிய பிரசார ஒலிப்பதிவில், மொத்த நேரத்தின் முதல் 10 சதவீதத்தில் அதற்கான அறிவிப்பு இடம்பெற வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2025 அக்டோபர் 24 அன்று கட்சிகளுக்கு அறிவுறுத்தியது. 30 விநாடி அழைப்பு எனில் முதல் 3 விநாடிகள். உருவாக்கியவர் யார் என்ற விவரத்தையும் தெரிவிக்க வேண்டும்.

பிற நாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் பதிவு செய்யப்பட்ட அழைப்பு தொடங்கும்போதே அதற்குப் பொறுப்பானவர் யார் என்று கூற வேண்டும். 2024 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் அதிபர் பைடனின் போலிக் குரல் ஒலித்ததையடுத்து, செயற்கை நுண்ணறிவுக் குரல்களும் தானியங்கி அழைப்பு விதிகளுக்கு உட்பட்டவையே என்று அந்நாட்டின் தகவல் தொடர்பு ஆணையம் பிப்ரவரி 8 அன்று அறிவித்தது. கனடாவில், 2011 தேர்தலில் வாக்குச்சாவடி மாறிவிட்டதாக வந்த பொய் அழைப்புகள் சர்ச்சையாயின. அதன் விளைவாக, பிரசார அழைப்புகளை மேற்கொள்வோர் முதல் அழைப்பிலிருந்து 48 மணி நேரத்திற்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டம் 2014-இல் வந்தது.

வாக்காளர் என்ன செய்யலாம்?

அழைப்பு வந்த எண், தேதி, நேரம், பேசியவர் கூறிய பெயர், கட்சி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளலாம். இயன்றால் பதிவு செய்யலாம். மக்களவை, சட்டப்பேரவைத் தேர்தல்களில் 1950 உதவி எண்ணிலோ, மாவட்டத் தேர்தல் அதிகாரியிடமோ புகார் அளிக்கலாம். சிவிஜில் செயலியில் வரும் புகார்கள் மீது 100 நிமிடங்களுக்குள் நடவடிக்கை எடுக்கப்படும் என்று ஆணையம் கூறியுள்ளது. ஆயினும், ஏற்கெனவே சேமித்து வைத்த கோப்புகளை அதில் பதிவேற்ற இயலாது. எனவே, பழைய அழைப்பின் பதிவை எழுத்துப்பூர்வப் புகாருடன் இணைப்பதே ஏற்றது.

வாக்குக்காக மிரட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின்கீழ் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அதுகுறித்துக் காவல் நிலையத்தையும் அணுகலாம். தேர்தல் பெயரில் ஆதார் எண், ஓடிபி, வங்கி விவரம் கேட்கும் அழைப்பு வந்தால் சஞ்சார் சாத்தி தளத்தின் சக்ஷு பிரிவிலும், பணத்தை இழந்திருந்தால் 1930 எண்ணிலும் தெரிவிக்க வேண்டும்.

மும்பை மாநகராட்சியின் 227 வார்டுகளுக்கான தேர்தலை நடத்துவது மகாராஷ்டிர மாநிலத் தேர்தல் ஆணையம். அத்தேர்தலில் வரும் அழைப்புகள் குறித்த புகார்கள் அந்த ஆணையத்தின் அதிகாரிகளிடமே அளிக்கப்பட வேண்டும்.