முகவரிப் பஞ்சமும் மூடிய வாயிலும்

1981 இல் வகுக்கப்பட்ட இணைய முகவரி முறை, 32 இரும இலக்கங்களைக் கொண்டு ஏறத்தாழ 430 கோடி முகவரிகளுக்கே இடமளித்தது. இவை விரைவில் தீர்ந்துவிடும் என்ற அச்சத்தின் விளைவாக, 1994 இல் எகெவாங், பிரான்சிஸ் ஆகியோர் முகவரிப் பெயர்ப்பு முறையை முன்வைத்தனர். சில பொது முகவரிகளைப் பல கணினிகள் பகிர்ந்துகொள்ள அது வழிசெய்தது.

பஞ்சத்தைத் தணிக்கப் பிறந்த இத் தற்காலிக ஏற்பாடு, நாளடைவில் இல்லத்து ரவுட்டரிற் காவலனாகவும் கருதப்படலாயிற்று. உள்ளிருந்து அழையாத செய்தியை அது வாயிலிலேயே மறித்தமை இதற்குக் காரணமாகும். ஆயின், பகைவனை மறித்த வாயில், வேறொரு வீட்டிலிருந்து நேரடியாக இணைய முயன்ற விளையாட்டுத் தோழனையும் மறித்தது.

2003 இல் வெளியான ஸ்டன் நெறிமுறை இவ்வாயில்களை நால்வகைப்படுத்தியது. முழுத்திறப்பு வகை, ஒருமுறை திறந்த வழியில் எவரையும் ஏற்கும். கட்டுப்பாட்டு வகைகள் இரண்டும் முன்னர் அழைக்கப்பட்டோரையே ஏற்கும். சமச்சீர் வகை சேருமிடந்தோறும் வேறு துறையெண்ணை வழங்குவதால், தோழன் தட்டவேண்டிய கதவையே அறியான்.

திறப்பதா, பூட்டுவதா என்ற வினா மட்டும் போதாது என்பதை 2007 இன் நியமம் புலப்படுத்தியது. பெயர்ப்பு வேறு, வடிகட்டல் வேறு என அது பிரித்துக் காட்டிற்று. பெயர்ப்பு மாறாதிருப்பின், வடிகட்டல் இறுக்கமாயிருப்பினும், நடுநின்ற கணினியொன்றின் துணையுடன் இருவரும் ஒருவரையொருவர் அழைத்து இணையலாம். ஆட்டத்தின்பொருட்டுக் காவலை முற்றாகக் கைவிடவேண்டியதில்லை என்பதே இவ்வரலாறு தரும் முடிபாகும்.