மான்செஸ்டர் வெலோடிரோம்

மான்செஸ்டர் வெலோடிரோம் என்பது இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரிலுள்ள உள்ளரங்க மிதிவண்டிப் பந்தய அரங்கம் ஆகும். 1994-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இது, பிரித்தானியாவின் முதல் ஒலிம்பிக் தர உள்ளரங்கத் தடமாகும். பைன் மரப்பட்டிகைகளால் ஆன தடத்தின் நீளம் 250 மீட்டர். வளைவுகள் ஏறத்தாழ 42 பாகை சாய்ந்தவை. அங்கே வேகம் குறைந்தால் மிதிவண்டி வழுக்கிக் கீழே சரியும்.

2000-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கை நடத்த மான்செஸ்டர் விண்ணப்பித்தபோது திட்டமிடப்பட்ட அரங்கம் இது. 1993-இல் அந்த வாய்ப்பு சிட்னிக்குச் சென்றது. ஆயினும் அரங்கம் எழுந்தது.

பெரும் போட்டிக்கென எழுப்பும் அரங்கங்கள் பின்னர் பயனற்றுப் போவதுண்டு. 1976 ஒலிம்பிக்குக்காகக் கனடாவின் மொன்றியலில் கட்டப்பட்ட வெலோடிரோம், 1992-இல் உயிரினக் காட்சியகமாக மாற்றப்பட்டது. மான்செஸ்டர் அரங்கம் அந்நிலையை அடையாததற்கு அதன் நிர்வாக முறை முக்கியக் காரணம். இது நகர மன்றத்தின் சொத்து. பிரித்தானிய மிதிவண்டிச் சங்கத்தின் தலைமையகமும் இங்கேயே அமைந்தது. தேசிய அணி பயிலும் அதே தடத்தில், வேறு நேரங்களில் மாணவர்களும் பொதுமக்களும் ஓட்டுகின்றனர். தடுப்பான் இல்லாத பந்தய மிதிவண்டியை அங்கேயே வாடகைக்குப் பெற்று, பயிற்றுநர் துணையுடன் கற்கலாம்.

1996, 2000, 2008 ஆண்டுகளின் உலகத் தட மிதிவண்டிப் போட்டிகளும், 2002 காமன்வெல்த் விளையாட்டின் தடப் போட்டிகளும் இங்கு நடந்தன. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பிரித்தானியா மிதிவண்டியில் ஒரு தங்கமும் பெறவில்லை. 2008 பெய்ஜிங்கில் தடப் போட்டிகளில் மட்டும் ஏழு தங்கம் வென்றது. 1997 முதல் கிடைத்த தேசிய லாட்டரி நிதியும், ஆண்டு முழுவதும் பயில இடம் தந்த இவ்வரங்கமும் அந்த மாற்றத்துக்குத் துணைநின்றன.