ஆணி அடித்த ஷூ!

கொரட்டூர் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் குடியிருக்கும் நண்பர் ஒருவர் கொஞ்ச நாள் முன்பு போன் செய்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. குரலில் லேசான பதற்றம்.

‘‘சார், ஞாயித்துக்கிழமை எங்க எம்.டி. கோல்ஃப் ஆடக் கூப்பிட்டிருக்கார். மட்டையெல்லாம் அவரே குடுத்துடுவாராம். ஷூ மட்டும் நம்ம பொறுப்பு. கடையில விலை கேட்டா தலை சுத்துது. வீட்ல, ‘ஒரு நாள் கூத்துக்கு மீசையைச் சிரைச்ச கதையா இருக்கே’ங்கிறா. என்ன சார் பண்றது?’’

நியாயமான கேள்வி. நீங்களும் ஒருநாள் இப்படி மாட்டிக்கொள்ளலாம். அதனால், பர்ஸைத் திறப்பதற்கு முன்னால் அந்த ஷூவின் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்துவிடுவோமா?

கோல்ஃப் வளர்ந்தது ஸ்காட்லாந்தில். 1457-லேயே அந்த நாட்டு நாடாளுமன்றம் கோல்ஃபுக்குத் தடை போட்டது. காரணம்? ஜனங்கள் வில் வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டுப் பந்தைத் துரத்திக்கொண்டு இருந்தார்களாம்! கடலோர மணல் மேடுகள், குட்டைப்புல், எந்நேரமும் தூறல்... அந்த ஈரச் சரிவில் நின்று மட்டையை வீசினால் கால் வழுக்காமல் என்ன செய்யும்?

இங்கே ஒரு சின்ன விளக்கம். வலது கைக்காரர் மட்டையைப் பின்னுக்குத் தூக்கும்போது உடம்பின் பாரம் வலது காலில். வீசி முடிக்கும்போது மொத்தமும் இடது காலுக்கு வந்து, உடம்பே அந்தக் காலின் மேல் சுழல்கிறது. அந்த ஒரு நொடியில் பாதம் நழுவினால் பந்து ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்! அதனால் தடிமனான ஷூவை வாங்கி, அடியில் சின்னச் சின்ன ஆணிகளை அடித்துக்கொண்டார்கள். 1857-ல் ஸ்காட்லாந்தில் வெளியான ஒரு கோல்ஃப் கையேடு புதிதாக ஆட வருபவர்களுக்கு இந்த யோசனையைச் சொல்கிறது. நடக்க நடக்க ஆணி உள்பக்கமாகக் கிளம்பிப் பாதத்தையே பதம் பார்த்தது தனிக்கதை. பிறகு 1890-களில் திருகிப் பொருத்தும் ஆணிகள் வந்த பிறகுதான் நிம்மதி.

ஆக, ஆணி என்பது ஸ்காட்லாந்து ஈரத்துக்கு ஸ்காட்லாந்துக்காரன் கண்டுபிடித்த வைத்தியம். அவ்வளவுதான்.

வெள்ளைக்காரன் கப்பல் ஏறியபோது மட்டையும் வந்தது, ஷூவும் வந்தது. 1829-லேயே கல்கத்தாவில் கோல்ஃப் க்ளப். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகிலேயே பழையது அதுதான். சென்னையில் 1884-ல் ஜிம்கானா க்ளப், கொடைக்கானலில் 1895-ல் கோல்ஃப் க்ளப். கொடைக்கானலில் மழை உண்டு, சரிவு உண்டு... ஆணிக்கு அர்த்தம் இருக்கிறது. சமவெளியில்? வருஷத்தில் பாதி நாள் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கட்டாந்தரை! புல் வளர்க்க முடியாமல், குழியைச் சுற்றி எண்ணெய் கலந்த மணலைப் பரப்பி, ‘க்ரீன்’ என்பதற்குப் பதிலாக ‘ப்ரௌன்’ என்றே பெயர் வைத்து ஆடிய மைதானங்கள் இந்தியாவில் ஏராளம். மணலில் ஆணி எதைப் பிடிக்கும்?

அந்தக் காலத்துப் புகைப்படங்களைப் பாருங்கள். துரை பளபளக்கும் ஷூவோடு நிற்பார். பின்னால் மட்டைகளைச் சுமந்தபடி ஒரு பையன்... வெறுங்காலோடு! அதே மண், அதே மேடு. கூடுதலாகத் தோளில் சுமை வேறு. அவன் வழுக்கி விழவில்லையே?

இதில் இன்னொரு வேடிக்கை. ஆவாரம் பட்டையில் பதனிட்ட மதராஸ் தோல் அப்போது கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது. துரை ஷூவின் தோல், அந்தப் பையனின் ஊர்ப்பக்கத்திலிருந்து போனதாகவே இருக்கலாம்!

ஷூ இங்கே பிடிப்புக்காக மட்டும் இல்லை என்பது புரிகிறதல்லவா? க்ளப் வாசலில் ‘நான் உள்ளே வரக்கூடிய ஆள்’ என்று காட்டும் டிக்கெட்டாகவும் அது இருந்தது.

அதற்காக, ‘வெறுங்காலே போதும்’ என்று கிளம்பிவிடாதீர்கள். நம்முடைய கால்பந்து அணி அந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டது. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் நம்மவர்கள் பெரும்பாலும் வெறுங்காலோடுதான் இறங்கினார்கள். ஜூலை மாதம். பிரான்ஸ் அணியை 2-1 என்று திணறடித்துத்தான் தோற்றார்கள். நம் பக்கம் கோல் போட்டவர் பெங்களூரைச் சேர்ந்த எஸ்.ராமன். நாலு வருஷம் கழித்து, 1952-ல் ஹெல்சிங்கி. குளிர்! எதிரில் யூகோஸ்லாவியா. ஸ்கோர் 10-1. அதன்பிறகுதான் ‘இனி பூட்ஸ் கட்டாயம்’ என்று உத்தரவே வந்தது.

காலுக்கு என்ன வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்தஸ்து இல்லை, தரை! கொரட்டூர்காரர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நின்றால், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டைவிரலை ஊன்றி நடப்பவர்கள்தானே நாம்!

கோல்ஃப் உலகத்துக்கும் இந்த ஞானம் மெதுவாக வந்தது. அமெரிக்க ஜாம்பவான் சாம் ஸ்னீட் 1942-ல் அகஸ்டா மைதானத்தில், ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு பயிற்சி ஆட்டம் ஆடினார். 1990-களில், இரும்பு ஆணி புல்லைக் குதறுகிறது என்று மைதானங்கள் ஒவ்வொன்றாக அதற்குத் தடை போட, பிளாஸ்டிக் முளைகள் வந்தன. 2010 மாஸ்டர்ஸ் போட்டியில் ஃப்ரெட் கப்பிள்ஸ் ஆணியே இல்லாத, சாதாரண கேன்வாஸ் ஷூ மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். சாக்ஸ்கூட இல்லை! அதற்குப் பிறகு ஆணியில்லாத ஷூ அமோகமாக ஓட ஆரம்பித்தது.

ஆக, எப்போதாவது ஆடப்போகிறவருக்கு நான் சொல்வது இதுதான்...

முதலில் மைதானத்துக்கு போன் போட்டு விதியைக் கேளுங்கள். பொதுவாகச் செருப்பு, சாண்டல் கூடாது. இரும்பு ஆணி வைத்த கிரிக்கெட் ஷூவும் கூடாது. கால்பந்து பூட்ஸும் வேண்டாம், புல் பாழ். வீட்டில் அடிப்பாகம் தட்டையான டென்னிஸ் ஷூவோ பேட்மின்டன் ஷூவோ இருந்தால் தாராளமாகப் போதும். மெத்தென்று குதிகால் உயர்ந்த ஓட்டப்பந்தய ஷூவில், உடம்பு திரும்பும்போது பாதம் பக்கவாட்டில் சாயும்... ஜாக்கிரதை. விடியற்காலைப் பனியும் ஐப்பசி மழையும்தான் நம்ம ஊரில் வழுக்கும் நேரம். அடிப்பாகம் தேய்ந்த ஷூவை அன்றைக்குத் தொடாதீர்கள்.

தொடர்ந்து ஆடுவதாக முடிவு செய்தால் மட்டும் புதுசு வாங்குங்கள். அதுவும் சாயங்காலம் வாங்குங்கள். பகலெல்லாம் நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும், சரியான அளவு தெரியும். பதினெட்டுக் குழி என்றால் ஏழெட்டு கிலோமீட்டர் நடை. புது ஷூவை வீட்டுக்குள் நாலு நாள் போட்டுப் பழகாமல் போனால் கொப்புளம் நிச்சயம்!

நண்பர் புது ஷூ வாங்கவில்லை. பழைய பேட்மின்டன் ஷூவைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனார். ஞாயிறு சாயங்காலம் போன் வந்தது.

‘‘சார், ஷூவை யாருமே பாக்கல. நான் பந்தை விட்டுட்டுக் காத்தை அடிச்சதைத்தான் எல்லாரும் பாத்தாங்க! கடைசியில பையைத் தூக்கிட்டு வந்த கேடி அண்ணன்தான் பக்கத்துல வந்து, ‘வெயிட்டை இடது கால்ல விடுங்க சார்’னு மெதுவாச் சொன்னார். அடுத்த அடி... பந்து பறந்துச்சு சார்!’’

‘‘அவர் காலில் என்ன போட்டிருந்தார்?’’ என்று கேட்டேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

‘‘பாக்கலையே சார்...’’