பாத்திரமேற்பு ஆட்டங்கள்: ஆட்டக்காரர் விருப்பங்களும் வடிவமைப்பு மரபுகளும்

ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, பேச்சின் வழியே கதையை நகர்த்தும் மேசை விளையாட்டு பாத்திரமேற்பு ஆட்டம். நடத்துநர் சூழலை விவரிப்பார். தம் பாத்திரம் என்ன செய்கிறது என்று மற்றவர்கள் சொல்வார்கள். முடிவு உறுதியில்லாத இடத்தில் பகடை உருளும்.

இதன் வேர் போர் விளையாட்டில் இருக்கிறது. 1969இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி நடத்திய 'பிரவுன்ஸ்டைன்' ஆட்டத்தில், படைகளோடு தனிமனிதப் பாத்திரங்களும் ஆட்டக்காரர்களுக்குத் தரப்பட்டன. அந்த வட்டத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னெசன், கேரி கைகாக்ஸுடன் இணைந்து 1974இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை வெளியிட்டார். அதன் விதிகளில் இடைவெளிகள் மிகுதி. ஒவ்வொரு ஊரும் அவற்றைத் தன் விருப்பப்படி நிரப்பிக்கொண்டதால், ஒரே நூலை வைத்து வெவ்வேறு ஆட்டங்கள் ஆடப்பட்டன.

இந்த வேறுபாட்டை முதலில் தெளிவாக வகுத்தவர்களில் கிளென் பிளாகோ முக்கியமானவர். 'டிஃபரன்ட் வேர்ல்ட்ஸ்' இதழில் 1980இல் வந்த அவர் கட்டுரை நான்கு போக்குகளைக் குறித்தது: பாத்திரத்தின் வலிமையைப் பெருக்குவது, பாத்திரமாகவே வாழ்வது, போர்த்தந்திரத்தால் வெல்வது, கதை சொல்வது.

வடிவமைப்பாளர்களும் வெவ்வேறு திசைகளில் சென்றார்கள். 'கால் ஆஃப் கதுலு' (1981) ஆட்டத்தில், மறைந்திருக்கும் பயங்கர உண்மையை நெருங்க நெருங்கப் பாத்திரத்தின் மனநிலை சிதையும். வலிமை சேர்க்க விரும்புபவருக்கு அங்கே இடம் குறைவு. கிரெக் ஸ்டாஃபோர்டின் 'பென்ட்ராகன்' (1985) இன்னும் துணிச்சலானது. ஆர்தர் மன்னனின் வீரர்களுக்கு அது 13 இணைக் குணங்களைத் தந்தது. ஒவ்வோர் இணையின் கூட்டுத்தொகையும் 20. இரக்கம் கூடினால் கொடூரம் குறையும். நெருக்கடியில் அந்த வீரன் எப்படி நடந்துகொள்வான் என்பதைச் சில வேளைகளில் பகடையே தீர்மானிக்கும். குணத்தையே விதியாக்கியது பெரிய சாதனை.

1990களின் இறுதியில் இணைய விவாதங்களில் ஆட்டத்தின் நோக்கங்களை நாடகம், போட்டி, உலகமெய்ம்மை (கற்பனை உலகை மெய்போல் நடத்துவது) எனப் பகுக்கும் முப்பிரிவு உருவானது. வடிவமைப்பாளர் ரான் எட்வர்ட்ஸ் அதை மாற்றியமைத்து, 2001இல் தம் கோட்பாட்டை விரித்துரைத்தார். மூன்று நோக்கங்களையும் ஒருசேர நிறைவேற்ற முயலும் விதித்தொகுப்பு தடுமாறும் என்பது அவர் வாதம். மனிதர்களை அளக்க அது இறுக்கமான கோல். ஆயினும் ஒரே நோக்கத்தில் ஊன்றி எழுதப்பட்ட 'மை லைஃப் வித் மாஸ்டர்' (2003) போன்ற சிறிய ஆட்டங்களுக்கு அந்தச் சிந்தனை ஊக்கமளித்தது.

மற்றொரு வடிவமைப்பாளர் ராபின் லாஸ் வேறு வழியில் போனார். 2002இல் வந்த தம் கையேட்டில் பிளாகோவின் வகைகளை விரித்து ஏழு ஆட்டக்கார வகைகளாக்கினார். ஒரே மேசையில் சண்டைப்பிரியரும் நடிப்புப்பிரியரும், நண்பர்களுக்காக வந்து சும்மா அமர்ந்திருப்பவரும் சேர்ந்தே இருப்பார்கள் என்பதை ஏற்று, ஒவ்வொருவருக்கும் தக்க தருணத்தை அமைத்துத் தருமாறு நடத்துநருக்குச் சொன்னார். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' நான்காம் பதிப்பின் நடத்துநர் நூலும் (2008) ஆட்டக்காரரின் உந்துதல்களை இவ்வாறே பட்டியலிட்டது. ஆட்டம் நடத்துவோருக்கு இத்தனை வகைப்பாடுகளில் லாஸ் தந்ததே மிகவும் பயன்படக்கூடியது.